எனக்குத் திதி கொடுத்த ஊர்

பையை இப்படிக் கால்மாட்டுல வச்சுக்கிடட்டுமா? உங்களுக்கு இடைஞ்சல் இல்லையே? நான் விருதுநகர் போகணும். நீங்க? ராஜபாளையமா, சரி. அப்போ ஒண்ணரை மணி நேரம் இருக்கு.

இல்லைம்மா, நான் இந்தப் பக்கத்து ஆள் இல்லை. சும்மா ஊர் பாக்க வந்தேன். மேலப்புளியங்காடுன்னு ஒரு ஊர், கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. தென்காசியில இறங்கி டவுன் பஸ் பிடிச்சு முக்கால் மணி நேரம் மேற்க போகணும். நேத்து சாயங்காலம் போனேன், இன்னிக்கு மத்தியானம் கிளம்பிட்டேன். பாக்கறதுக்கு அங்க ஒண்ணும் கிடையாது. ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு கடைத்தெரு, ஒரு ஆறு. ஆறுன்னு அவங்கதான் சொல்றாங்க. எங்க ஊர்ல அதை வாய்க்கால்னு சொல்லுவோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியுமாம். எனக்குத் தெரியலை, மேகம் மூடியிருந்துச்சு. சாரலா மழையான்னு சொல்ல முடியாத ஒரு தூத்தல். குடையை விரிச்சா நின்னுரும், மடக்கினா விழும்.

சிரிக்காதீங்க, நெசம்.

எங்க வீட்டுக்காரர் அந்த ஊருக்கு அடிக்கடி போவார். தெய்வநாயகம்னு பேர். பம்புசெட் கம்பெனியில சர்வீஸ் இன்ஜினியர்னு கார்டுல போட்டிருக்கும், வேலை மெக்கானிக் வேலைதான். மாசத்துல பாதி நாள் டூர். ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் ஆச்சு. இந்த வைகாசியில போயிட்டார். சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் குழாயைத் திறந்தபடி அப்படியே கீழ உக்காந்துட்டார். நான் தண்ணி வீணாப் போகுதேன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்தேன்.

மூணு மாசம் ஆச்சு. எனக்கு அழுகை வரலை. வந்திருந்தவங்க எல்லாம் ஒரு மாதிரியாத்தான் பாத்தாங்க. வரலைன்னா என்ன செய்யறது சொல்லுங்க. காப்பி போட்டேன், வந்தவங்களுக்கு இலை போட்டேன், பதினாறு முடிஞ்சது, பாத்திரத்தைக் கவுத்து வச்சேன்.

அவர் போனை மட்டும் அணைக்கலை. கேஸ் மெசேஜ், கரண்டு மெசேஜ் எல்லாம் அதுலதான் வருது. போன சனிக்கிழமை அதுல ஒரு அழைப்பு. 'பேச்சி மெஸ், மேலப்புளியங்காடு'ன்னு எழுத்து ஓடுது. எடுத்தேன். ஒரு பொம்பளைக் குரல். "அண்ணாச்சி, இந்த வருசம் வெள்ளிக்கிழமை வருது. வியாழக்கிழமை சாயங்காலமே வந்துருவீகள்லா? அந்தப் பெரிய ஜன்னல் ரூமைச் சொல்லி வச்சுட்டேன்." ரெண்டு தடவை அண்ணாச்சி, அண்ணாச்சின்னு கூப்பிட்டுப் பாத்துட்டு வச்சுட்டா.

அப்பத்தான் எனக்கு ஒவ்வொண்ணா வந்துச்சு. ரிட்டயர் ஆனதுக்கு அப்புறமும் ஆவணி மாசம் ஆனா இந்த மனுஷன் ரெண்டு நாள் கிளம்பிருவார். பழைய டீலர் கூப்பிட்டார், ஒரு மோட்டார் தகராறு பண்ணுதாம், போய்ப் பாத்துட்டு வர்றேன்னு. ரிட்டயர் ஆன மெக்கானிக்கை வருஷம் தவறாம ஆவணியிலயே கூப்பிடற டீலர் உண்டா? நான் கேட்டதில்லை. எங்க வீட்ல கேள்வி கேக்கற பழக்கம் கிடையாது. அவர் கேக்க மாட்டார், நானும் கேக்க மாட்டேன். நல்லபடியாத்தான் ஓடிச்சு.

ஆக, பொம்பளை விவகாரம். வேற என்ன நினைக்கச் சொல்றீங்க? போய் அவ மூஞ்சியைப் பாத்துட்டு வந்துரணும்னு தோணுச்சு. சண்டை போட இல்லை. சண்டை போட ஆளும் போயாச்சு. சும்மா பாக்கணும், அவ்வளவுதான். வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்ல கொடுத்துட்டுக் கிளம்பிட்டேன்.

பிள்ளைகள் யாரையாவது துணைக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமேங்கறீங்க. பிள்ளைகள் கிடையாதும்மா. ஒரு பொண்ணு இருந்தா. அஞ்சு வயசு. மூணு நாள் காய்ச்சல், நாலாம் நாள் இல்லை. அது ஆச்சு இருபத்திமூணு வருஷம். அதை விடுங்க. நான் அப்பவே ஒரு முடிவு பண்ணிட்டேன், இந்த வீட்ல இனிமே அவ பேர் எடுக்கக் கூடாதுன்னு. படம், துணி, பள்ளிக்கூடப் பை எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டேன். ஆகஸ்டு மாசம் அந்தத் தேதி வந்தா, முதல் நாளே காலண்டர்ல ரெண்டு தாளா சேத்துக் கிழிச்சிருவேன். இல்லைன்னா நான் எழுந்து நடமாடியிருக்க முடியாது. அவருக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லை. முதல் வாரம் உக்காந்து அழுதார். ஆம்பள இப்படி அழுதா வீடு தாங்குமா, அழறதா இருந்தா எங்கேயாவது வெளியில போய் அழுதுட்டு வாங்கன்னு ஒரு தடவை சொன்னேன். அதுக்கப்புறம் அவர் அழுது நான் பாத்ததில்லை. பத்தாம் நாள் டூல்ஸ் பையை எடுத்துக்கிட்டு டூர் கிளம்பிட்டார். பத்தாம் நாள். பெத்த தகப்பன். அந்த ஒண்ணை மட்டும் என்னால மறக்க முடியலை. இருபத்திமூணு வருஷம் சோறு போட்டேன், துணி துவைச்சேன், ஆனா அதை மறக்கலை.

சரி, ஊர்க்கதைக்கு வர்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு இரும்புக்கடை, அதுக்கு மேல மாடியில ஒரு லாட்ஜ், ஊருக்கே அது ஒண்ணுதான். பேர் சொல்லியே கேட்டேன், 'பேச்சி மெஸ்காரம்மா சொல்லி வச்ச ரூம்'னு. லாட்ஜ்காரர் என்னை ஏற இறங்கப் பாத்துட்டுச் சாவியைக் கொடுத்தார். பெரிய ஜன்னல்னு அவ பெருமையாச் சொன்னாளே, ஜன்னல் பெருசுதான், வலை கிடையாது. ஊர்க் கொசு முழுக்க உள்ள இருக்கு. வாளியில கைப்பிடி இல்லை. தலகாணியில எண்ணெய்க் கறை. இந்த ரூம்லதான் வருஷா வருஷம் வந்து படுத்திருக்கார். எங்க வீட்ல ஒரு சுருக்கம் இல்லாம விரிப்புப் போட்டு வைப்பேன், அதுல படுக்கறதுக்கு அவருக்கு ஆயிரம் சொணக்கம்.

முகத்தைக் கழுவிட்டு மெஸ்ஸுக்குப் போனேன். தள்ளிப் பத்து வீடுதான். நாலு பெஞ்சு போட்ட சின்ன இடம். தோசைக்கல்லுக்கிட்ட ஒருத்தி நிக்கறா. அவதான் பேச்சியம்மாள். ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். தடியா இருக்கா, முன்பல்லுல ஒண்ணு இல்லை, கழுத்துல மஞ்சக்கயிறு, பக்கத்துலயே புருஷன் வெங்காயம் நறுக்கிட்டு இருக்கார். சுடலைமுத்துன்னு பேர். இவளையா? எனக்கு ஒரு மாதிரி சப்புன்னு ஆயிருச்சு. இவ்வளவு தூரம் வந்தது இவ மூஞ்சியைப் பாக்கவான்னு இருந்துச்சு.

இட்லி கேட்டேன். கொண்டாந்து வச்சா. அப்பறம்தான் சொன்னேன், தெய்வநாயகம் வீட்ல இருந்து வந்திருக்கேன், அவர் வைகாசியிலயே இறந்துட்டார்னு.

அந்தப் பொம்பளை கரண்டியைக் கீழ வச்சா. அடுப்பை அணைச்சா. அப்படியே தரையில உக்காந்து, தலையில கையை வச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சா பாருங்க, சாப்பிட்டுக்கிட்டு இருந்த ரெண்டு பேர் எழுந்து கையைக் கழுவிட்டு ஓரமா நின்னாங்க. சுடலைமுத்து எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு வந்தார். எங்க தெருவுல கூட அவருக்கு யாரும் கடையை மூடலை. நான் இட்லியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எல்லாரும் அழறாங்க, நான் உக்காந்திருக்கேன். பழகிப்போச்சு.

கொஞ்சம் தேறினதும் மூக்கைச் சிந்திட்டு என்னைப் பாத்துக் கேட்டா, "நீங்க அண்ணாச்சி கூடப் பிறந்தவகளா அக்கா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவளே சொல்லிட்டா. "மதினி போயி இருபத்திமூணு வருசம். இப்ப அண்ணாச்சியும் போயிட்டாக. நாளைக்கு மதினிக்குத் திதி. எல்லாம் வாங்கி வச்சிருக்கேன் அக்கா, இனி யாரு கொடுப்பா?"

மதினின்னா அந்தப் பக்கத்துல அண்ணன் பொண்டாட்டி. அண்ணாச்சி பொண்டாட்டி. அதாவது நான்.

உங்களுக்குப் புரியுதா? இந்த மனுஷன் அந்த ஊர்ல போய் என்னைச் சாகடிச்சு வச்சிருக்கார். விருதுநகர்ல நான் அவருக்கு ரசம் வச்சுக்கிட்டு இருக்கேன், இங்க வருஷம் தவறாம எனக்கு எள்ளும் தண்ணியும் விட்டுக்கிட்டு இருக்கார். எனக்குக் கோபம் வந்திருக்கணும். வரலை. மிச்சம் ரெண்டு இட்லி இருந்துச்சு, அதையும் தின்னேன். சட்னி பரவாயில்லை.

நாந்தான் அவர் பொண்டாட்டின்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அந்தப் பொம்பளை மூஞ்சி அழுது வீங்கியிருக்கு, இப்பப் போய் எதுக்குன்னு விட்டேன். கூடப் பிறந்தவதான்னு தலையை ஆட்டினேன். காலையில விடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் சொல்லிரலாம், அந்த யோக்கியர் எப்பேர்ப்பட்ட பொய்யர்னு ஊரே தெரிஞ்சுக்கிடட்டும்னு வச்சுக்கிட்டேன்.

பேச்சியம்மாள் பேசினா பேசிக்கிட்டே இருப்பா. முதல்ல இந்த ஊருக்கு வர்றப்போ அண்ணாச்சி நல்லாச் சிரிக்கப் பேசுவாராம். நடுவுல ஒரு வருஷம் ஆளே மாறிப்போய் வந்து உக்காந்தாராம். இலை போட்டா சாப்பிடலை. என்னான்னு கேட்டிருக்கா. வீட்ல இறந்துட்டா, திதி கொடுக்கணும், இங்க நல்ல வாத்தியார் யாராவது இருக்காங்களான்னு கேட்டிருக்கார். சொந்த ஊர்ல கொடுக்கலாமேன்னு இவ சொன்னதுக்கு, அங்க முடியாதும்மான்னு மட்டும் சொன்னாராம். அதுக்கு மேல இவங்களும் துருவலை. அன்னையில இருந்து அந்த ஒரு நாள் சமையல் இவதான். ஆத்துல திதி கொடுத்துட்டு வந்ததும் மெஸ் பின்கட்டுல இலை போடறது.

அந்த இலையைப் பத்திச் சொன்னா கேளுங்க. சின்ன இலையாப் போடணுமாம். நுனி இலை கூட இல்லை, கிழிச்ச ஏடு. காரமே கூடாதாம். தயிர்சோத்துல சீனி போட்டுப் பிசையணுமாம். அப்பளம் மட்டும் நாலு வைக்கணுமாம். "மதினிக்குக் காரம் ஆகாதாமே அக்கா"ங்கறா.

எனக்கு அங்கதான் முதல்முதலா சுருக்குன்னுச்சு. காரம் ஆகாதா? நான் பச்சைமிளகாயைக் கடிச்சுக்கிட்டுச் சோறு திங்கறவ. ஊறுகாய் இல்லாம எனக்கு ஒரு வேளை இறங்காது. தயிர்சோத்துல சீனின்னாலே எனக்கு வாந்தி வரும். இத்தனை வருஷம் கூடவே இருந்த பொம்பளை என்ன தின்பாள்னு கூடத் தெரியாத மனுஷன்னு நினைச்சேன். செத்தவளுக்குப் போடறோமே, அவளுக்குப் பிடிச்சதைப் போடுவோம்னு ஒரு இது வேண்டாமா? ரூமுக்குப் போற வரைக்கும் அதையேதான் நினைச்சுக்கிட்டுப் போனேன். படுத்தும் அதேதான். எனக்குத் திதி கொடுத்ததை விட அந்தச் சீனிதான் உறுத்திச்சு.

இன்னிக்குக் காலையில ஆறு மணிக்கு ஆத்துக்குப் போனோம். நான், பேச்சியம்மாள், சுடலைமுத்து. இறங்க நாலஞ்சு படி, பாதி உடைஞ்சு கிடக்கு. மழை பெஞ்சு தண்ணி கலங்கலா ஓடுது. ஓரத்துல ரெண்டு பொம்பளைங்க துணி அலசிக்கிட்டு இருந்தாங்க. வாத்தியார் மொபெட்ல வந்தார், அனந்துன்னு கூப்பிட்டாங்க, வயசான ஐயர். சேதியைச் சொன்னதும் அவர் குனிஞ்சு ஆத்துத் தண்ணியை அள்ளித் தலையில தெளிச்சுக்கிட்டார். நல்ல மனுஷர், ஒரு மந்திரம் சொன்னா அர்த்தம் கேட்டுட்டுத்தான் அடுத்தது சொல்லவிடுவார்னார்.

புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, யார் செய்யறதுன்னு பேச்சு வந்துச்சு. சுடலைமுத்து அதுக்குள்ள துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுத் தண்ணியில இறங்கிட்டார். "இத்தனை வருசம் பக்கத்துல நின்னு எள்ளு எடுத்துக் கொடுத்தவன் நான். நான் விடுதேன் சாமி"ன்னார். வேண்டப்பட்டவா பண்ணலாம், தப்பில்லைன்னுட்டார் வாத்தியார்.

நான் படியில நின்னேன். கணுக்கால் வரைக்கும் தண்ணி. இப்பச் சொல்லிரலாம்னு தொண்டையைச் செருமினேன். நான் உயிரோடதான் நிக்கறேன், நிறுத்துங்கன்னு சொல்லணும். அவ்வளவுதான் வேலை. சொல்லிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடிச்சிரலாம்.

வாத்தியார் தர்ப்பையைப் போட்டுச் சுடலைமுத்துவை உக்கார வச்சுட்டு ஆரம்பிச்சார். ஆவணி மாசம், தேய்பிறை, திரயோதசி. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, நான் தேதித் தாளைத்தான் கிழிக்கறவ. ஆனா பிரதோஷ நாள்னு சொன்னார். காய்ச்சல் கண்ட அந்த நாலாம் நாள் சாயங்காலம் எங்க பக்கத்து வீட்டுக்காரம்மா பிரதோஷம் பாத்துட்டு, வில்வம் கையில இருக்கறப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாங்க. அது சம்பந்தமில்லாம ஞாபகம் வந்துச்சு.

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "நீங்க நாத்தனார்தானே? பேரைச் சரிபாத்துக்கறேன். நிவேதா. சரிதானேம்மா? முதல் வருஷமே கேட்டேன், இந்தக் காலத்துப் பேரா இருக்கேன்னு."

நிவேதா என் பொண்ணு பேர்.

இருங்க. தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு வாய் போதும்.

அது என் பொண்ணு பேர். சின்ன இலை அவளுக்கு. சீனி போட்ட தயிர்சோறு அவளுக்கு. நாலு அப்பளமும் அவளுக்குத்தான், ரெண்டை ஓட்டை போட்டு விரல்ல மாட்டிக்கிட்டு ரெண்டைத் தின்பா. எனக்கு நேத்தே தெரிஞ்சிருக்கணும். நான் பாருங்க, என் நாக்கைப் பத்தியே யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

உங்களுக்குத் தெரியும்ல, சின்னப் பிள்ளைகளுக்குத் திதி கிடையாது. எரிக்கறது கூடக் கிடையாது, புதைச்சுட்டு வந்து தலை முழுகினா அதோட சரி. கருமாதி இல்லை, வருஷம் இல்லை. அப்போ அவர் எங்க ஊர் ஐயர்கிட்டப் போய்க் கேட்டார், எனக்குத் தெரியும். குழந்தைங்க தெய்வத்துக்குச் சமானம், அதுகளுக்கு நாம விட வேண்டியது எதுவும் இல்லைன்னு ஐயர் சொல்லிட்டார். மறுபடி வேற கோயில்ல கேட்டார். அங்கயும் அதே பதில். எதுக்கு இப்படி அலையறீங்க, பேசாம இருங்கன்னு நான்தான் சத்தம் போட்டேன். பேசாம இருந்துட்டார்னு நினைச்சேன். இவ்வளவு தூரம் வந்து, பொண்டாட்டின்னு சொல்லி வாங்கியிருக்கார். புருஷன் பொண்டாட்டிக்குக் கொடுக்கலாம், அதுக்கு யாரும் மறுக்க மாட்டாங்க.

வாத்தியார் எள்ளைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பாக்கறார். சுடலைமுத்து ஈரத்துண்டோட குளிர்ல நடுங்கறார். இல்லைன்னு சொன்னா எல்லாம் நின்னு போகும். நான் பொண்டாட்டி, உயிரோட இருக்கேன், நீங்க சொல்றது என் குழந்தை பேர்னு சொன்னா, சாஸ்திரம் இடம் கொடுக்காதும்மான்னுட்டு அவர் மொபெட்டை எடுத்துருவார். அவளுக்குன்னு இந்த உலகத்துல இருக்கறது அந்த ஒரு இடம். அதுவும் போயிரும். சரின்னு சொன்னா நான் செத்தவ.

"சரிதான். நிவேதாதான்"னு சொன்னேன்.

அந்தப் பேரை நான் சொல்லி இருபத்திமூணு வருஷம். குரல் சாதாரணமாத்தான் வந்துச்சு. நெஞ்சு அடைக்கும், மயக்கம் வரும்னு நினைச்சுக்கிட்டு இத்தனை நாள் சொல்லாமலே இருந்தேன். ஒண்ணும் ஆகலை. தண்ணியில நின்ன கால்தான் மரத்துப்போச்சு. மூணு தடவை அந்தப் பேரைச் சொல்லி சுடலைமுத்து தண்ணி விட்டார். துணி அலசிக்கிட்டு இருந்த பொம்பளைங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கிட்டாங்க. ஏன்னு பேச்சியம்மாளைக் கேட்டேன். "அண்ணாச்சி இந்த இடத்துல நின்னு அழுவாக அக்கா. சத்தம் போட்டு அழுவாக. ஆம்பள அழுகதைப் பாக்கக் கூடாதுன்னு இவளுக திரும்பிக்கிடுவாளுக. பழக்கத்துல இப்பவும் திரும்பிட்டாளுக போல"ன்னா.

பாத்தீங்களா? துணி துவைக்க வர்றவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியலை. என் முன்னாடி ஒரு தடவை அழுதிருந்தா நான் என்ன, வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? இதைத்தான் என்னால தாங்க முடியலை. சொல்லாம கொள்ளாம அவர் மட்டும் வருஷா வருஷம் வந்து அவளைப் பாத்துட்டுப் போயிருக்கார். நான் அங்க வீட்டைக் கூட்டிக்கிட்டு இருந்திருக்கேன். என்கிட்டச் சொன்னது டீலர், மோட்டார். என்னையும் ஒரு வருஷம் கூட்டிட்டு வந்திருக்கலாம். எனக்கு அது கோபம்தான். சாகற வரைக்கும் இருக்கும்.

மெஸ் பின்கட்டுல இலை போட்டாங்க. சீனியை நான்தான் போட்டுப் பிசைஞ்சேன். பேச்சியம்மாள் போதும்கறா, நான் இன்னும் ஒரு கை போட்டேன். ஓட்டு மேல கொண்டுபோய் வச்சோம். காக்கா வந்துச்சான்னு எல்லாரும் பெருசா கேப்பாங்க. ஊர் முழுக்கக் காக்காதான், வராம என்ன செய்யும்.

மத்தியானப் பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு. எங்க போறது, அங்கயே உக்காந்து பேச்சியம்மாளுக்கு வெங்காயம் உரிச்சுக் கொடுத்தேன். அடுத்த வருசமும் வருவீகளான்னு கேட்டா. அந்த ஜன்னல் ரூம் மட்டும் வேண்டாம், கொசு பிடுங்குது, வேற ரூமாச் சொல்லி வைன்னேன். சரிக்கான்னா. அப்பறம் கொஞ்சம் தயங்கித் தயங்கிக் கேட்டா, "மதினி எப்படி இருப்பாக? இத்தனை வருசம் கொண்டாடுதோம், அண்ணாச்சி ஒரு நாளும் அவகளைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை."

நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். என்னமோ ஆரம்பிச்சுட்டேன். செருப்பைக் கால் மாத்தித்தான் போடுவான்னு சொன்னேன். பாட்டுல ரெண்டு வரிதான் தெரியும், அதையே நாள் முழுக்கப் பாடிக்கிட்டு இருப்பா. பஸ்ல ஏறினா ஜன்னல் சீட்டு வேணும், கிடைக்கலைன்னா அழுவா. இடி இடிச்சா ஓடி வந்து என் சேலைக்குள்ள முகத்தை வச்சுக்கிட்டு, போயிருச்சா போயிருச்சான்னு கேப்பா. தூங்கறப்போ ஒரு கை என் கழுத்து மேல கிடக்கணும். நிலாவுக்கு யாரு சுவிட்சு போடறதுன்னு ஒரு நாள் கேட்டா, அவருக்குப் பதில் தெரியலை, கரண்டு ஆபீஸ்னு சொல்லி வச்சார். சொல்லிக்கிட்டே இருக்கேன். வெங்காயம் தீந்து போச்சு, நான் நிறுத்தலை. அடுப்புல உலை கொதிச்சு வழியுது, அவளும் எழுந்திரிக்கலை.

கன்னத்துல கையை வச்சுக்கிட்டுக் கேட்டுட்டு, "குழந்தை மாதிரில்லா இருந்திருக்காக மதினி"ன்னா.

ஆமான்னேன்.

"எத்தனை வயசுல போனாக அக்கா?"

அவர் அவகிட்ட என்ன வயசு சொல்லி வச்சிருந்தாரோ, எனக்கு எப்படித் தெரியும்? சின்ன வயசுதாம்மான்னு சொன்னேன். ரொம்பச் சின்ன வயசு.